கைகள் பேசும் களம்

நுழையும்முன்

விளையாட்டுத் திடலில் ஒலி பல பணிகளைச் செய்கிறது. ஊதல் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. ஆசிரியரின் குரல் பிழையைத் திருத்துகிறது. தோழரின் கூவல் பந்து வரும் திசையைச் சொல்கிறது. இவ்வொலிகளுள் எதுவும் எட்டாத மாணவர் அத்திடலில் எவ்வாறு விளையாடுவார்? காது கேளாதோர் பள்ளிகள் இவ்வினாவிற்கு நெடுங்காலமாக விடை கண்டு வந்துள்ளன. அவ்விடைகளுள் ஒன்றைச் செவிப்புலன் உடையோரும், அதன் பிறப்பிடம் அறியாமலேயே, நாள்தோறும் பயன்படுத்துகின்றனர்.

வளையமாகக் கூடுதல்

கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று, தலை குனிந்து, ஏதோ பேசிப் பிரிவதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம். கபடி அணியினரும் கைப்பந்து அணியினரும் அவ்வாறே கூடுகின்றனர். இதற்கு 'ஹடில்' என்று பெயர். இவ்வழக்கத்தின் தொடக்கத்தைத் தேடுவோர் பெரும்பாலும் சென்று சேரும் இடம், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள காலடெட் கல்லூரியின் விளையாட்டுத் திடலாகும். இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் அக்கல்லூரி காது கேளாதோருக்கானது. பட்டம் வழங்கும் உரிமையை அதற்கு அளித்த சட்டத்தில் 1864இல் கையொப்பமிட்டவர் ஆபிரகாம் லிங்கன்.

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்தினின்று வேறானது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவது. ஆட்டம் இடையறாது ஓடுவதில்லை. சிறுசிறு நகர்வுகளாக நிகழும். ஒவ்வொரு நகர்விற்கும் முன், பந்தை வைத்திருக்கும் அணி தன் அடுத்த திட்டத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதை அறிவிக்கும் பொறுப்பு 'குவாட்டர்பேக்' எனப்படும் வீரருக்கு உரியது. 1890களின் முற்பகுதியில் காலடெட் அணியில் அப்பொறுப்பை வகித்தவர் பால் ஹப்பார்ட். செவிப்புலன் உடைய கல்லூரி அணிகளோடு ஆடும்போது அவருக்கு இடர்ப்பாடு ஏதுமில்லை. வெட்டவெளியில் நின்று சைகையால் திட்டத்தைச் சொன்னாலும் எதிரணியினருக்கு அது புரியாது. மற்றொரு காது கேளாதோர் அணி எதிரே நின்றபோதுதான் சிக்கல் எழுந்தது. அவர் கை அசைத்த அளவிலேயே திட்டம் முழுதும் எதிரணிக்கு விளங்கிவிட்டது. எனவே, 1894இல் அவர் தம் வீரர்களை நெருக்கமான வட்டமாக நிற்கச் செய்து, அவர்தம் உடல்களே மறைப்பாக அமைய, நடுவில் சைகை செய்தார் என்பர். வேறு சில கல்லூரிகளும் இப்பெருமைக்கு உரிமை கோருவதுண்டு. எனினும், பெரிதும் ஏற்கப்பட்டிருப்பது காலடெட்டின் செய்தியே.

இந்நிகழ்ச்சியில் வியப்பிற்குரியது வட்டம் அன்று, அவ்வட்டத்திற்கான தேவை. கையசைவு வெறும் குறிப்பாக மட்டும் இருந்திருப்பின் அதை ஒளிக்க வேண்டியதில்லை. யார், எத்திசையில், எப்போது, எவரை ஏமாற்றி ஓட வேண்டும் என்பதை ஐயமின்றி உணர்த்தும் முழுமையான மொழியாக அது இருந்தது. ஒட்டுக்கேட்க இயலும் எதுவும் மொழிதான். இதை அறிஞருலகம் ஒப்புக்கொள்ள மேலும் அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

காலடெட் திடலுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. பெரிய முரசு ஒன்றை ஆடுகளத்தின் ஓரத்தில் வைத்து அறைவர். பந்து எந்த அறைவில் நகர வேண்டும் என்பது வீரர்களுக்கு முன்னரே தெரியும். முரசின் அதிர்வை அவர்கள் செவியால் அன்றி உடலால் உணர்ந்தனர்.

இருமொழி, இருபண்பாடு

காது கேளாதோர் பள்ளிகளுள் சில தம்மை 'இருமொழி, இருபண்பாட்டுப் பள்ளி' என அழைத்துக்கொள்கின்றன. இருமொழி என்பதைத் தமிழும் ஆங்கிலமும் போன்ற இரு பேச்சுமொழிகள் எனக் கருதிவிடலாகாது. அமெரிக்காவில் அவ்விரண்டும் அமெரிக்கச் சைகை மொழியும் ஆங்கிலமும் ஆகும். முன்னது, கைகளாலும் முகத்தாலும் வழங்குவது. குழந்தைக்குத் தடையின்றிக் கிட்டக்கூடிய முதல் மொழி. பின்னது, முதன்மையாக எழுத்து வழியே கற்கப்படுவது. முதல் மொழி வேரூன்றிய பின் அதன் துணைகொண்டு இரண்டாம் மொழியைக் கற்பிப்பது இப்பள்ளிகளின் கோட்பாடு. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1981இல் சைகை மொழியைக் காது கேளாதோரின் முதல் மொழியாக ஏற்றது. 1983இல் அங்குள்ள சிறப்புப் பள்ளிகளின் பாடத்திட்டமே இருமொழி அடிப்படையில் அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காது கேளாதோர் பள்ளி போன்றவை அடுத்த பத்தாண்டுகளில் இவ்வழியை மேற்கொண்டன.

இருபண்பாடு என்பதற்குச் சற்று விளக்கம் தேவை. ஒருவரை அழைக்கத் தோளைத் தொடுவது செவிப்புலன் உடையோர் சிலருக்கு மிகைச் செயலாகத் தோன்றலாம். காது கேளாதோரிடையே அது இயல்பான மரியாதை. பேசுபவரின் முகத்தை விட்டுக் கண்ணை அகற்றுவது அங்கே காதைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். கைதட்டுவதற்கு மாறாக, இரு கைகளையும் மேலே உயர்த்தி விரல்கள் விரிய அசைத்துப் பாராட்டுவர். ஒவ்வொருவருக்கும் எழுத்தில் உள்ள பெயரோடு, சமூகத்தார் சூட்டிய சைகைப் பெயர் ஒன்றும் இருக்கும். இத்தகைய வழக்கங்கள், நகைச்சுவை, கதைகள், வீரர்களைப் பற்றிய நினைவுகள் எல்லாம் சேர்ந்ததே ஒரு பண்பாடு. பெரும்பான்மையோரின் பண்பாடு மற்றொன்று. மாணவர் இரண்டிலும் தடுமாறாது நடக்கப் பயில வேண்டும் என்பது இப்பள்ளிகளின் நோக்கம்.

திடல் காத்த மொழி

வகுப்பறையைவிட விளையாட்டுத் திடலே இம்மொழிக்குப் பழைய தாயகம். 1880ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி குறித்த பன்னாட்டு மாநாடு ஒன்று கூடியது. சைகையை விலக்கி, உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் மட்டுமே பயிற்ற வேண்டும் என அது தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோருள் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலன் உடையோர். தாம் பேசாத ஒரு மொழியின் ஊழை அவர்கள் முடிவு செய்தனர். காலடெட் கல்லூரித் தலைவர் எட்வர்டு மைனர் காலடெட் உள்ளிட்ட சிலர் எதிர்த்தும் பயனில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி பள்ளியாகச் சைகை தடை செய்யப்பட்டது. சைகை செய்த குழந்தைகளின் கைகளில் அடித்த பள்ளிகளும் கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் இருந்தன.

ஆயினும் மொழி அழியவில்லை. ஆசிரியரின் பார்வை குறைந்த இடங்களில் அது வாழ்ந்தது. விடுதி அறையில் விளக்கணையும் முன்னும், விளையாட்டுத் திடலின் மூலையிலும் மூத்த மாணவர் இளையோருக்கு அதைக் கையளித்தனர். பந்து விளையாட்டைப் பேச்சுப் பயிற்சியாக மாற்ற எந்தப் பள்ளியாலும் முழுமையாக இயலவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தோழனின் உதடுகளை யாராலும் படிக்க முடியாதல்லவா?

திடல் ஒரு மொழியைக் காப்பதோடு நில்லாமல் ஈன்றெடுக்கவும் கூடும் என்பதற்கு நடு அமெரிக்க நாடாகிய நிகராகுவா சான்று. அங்கு 1977க்கு முன்பு காது கேளாத குழந்தைகள் பெரும்பாலும் தத்தம் வீடுகளில் தனித்தே வளர்ந்தனர். அவ்வாண்டில் தலைநகர் மனாகுவாவில் ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. 1983இல் இரு பள்ளிகளிலுமாக 400க்கும் மேற்பட்டோர் பயின்றனர். ஆசிரியர்கள் வகுப்பில் ஸ்பானிய மொழியின் உதட்டசைவைக் கற்பிக்க முயன்றனர், அது கைகூடவில்லை. குழந்தைகளோ விளையாட்டு முற்றத்திலும் பள்ளிப் பேருந்திலும் தம் வீட்டுச் சைகைகளை ஒன்றோடொன்று கலந்து பேசிக்கொண்டனர். ஆண்டுதோறும் வந்து சேர்ந்த இளங்குழந்தைகள் அதற்கு இலக்கணச் செறிவூட்டினர். 1986இல் அங்குச் சென்ற மொழியியலாளர் ஜூடி கெகல் தம் கண்முன்னே ஒரு புதுமொழி உருவாவதைக் கண்டார். நிகராகுவாச் சைகை மொழி என இன்று அது அறியப்படுகிறது.

காலடெட்டில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வு, சைகை மொழியின் அமைப்பை முதன்முதலாக மொழியியல் முறையில் நிறுவியது. சொற்கள் ஒலியன்களால் ஆவதுபோல் சைகைகளும் கையின் வடிவம், அது நிகழும் இடம், அதன் அசைவு ஆகிய கூறுகளால் ஆகின்றன. ஒரு கூறு மாறினால் பொருள் மாறும் என அவர் காட்டினார். மிலான் தீர்மானத்திற்காக வருந்தி, அதைப் புறந்தள்ளும் அறிக்கை 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில்தான் வெளிவந்தது. இடையில் கழிந்தவை நூற்று முப்பது ஆண்டுகள்.

உடற்கல்வி வேளை

இருமொழி, இருபண்பாட்டுப் பள்ளியில் உடற்கல்வி வகுப்பு தொடங்குவதைக் காண்போருக்கு முதலில் புலப்படுவது ஊதல் இல்லாமை. ஆசிரியர் கையை உயர்த்தி அசைப்பார். அல்லது வண்ணக்கொடி ஒன்றைத் தூக்குவார். முதலில் கண்டவர் அடுத்தவரின் தோளைத் தொட, அவர் மற்றவரைத் தொட, சில நொடிகளில் திடல் முழுவதும் செய்தி பரவும். உள்ளரங்கமாயின் விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுவார். மரத்தளமாயின் காலால் ஓங்கி மிதிப்பார்; அதிர்வு அனைவரையும் எட்டும்.

பிறகு மாணவர் அரைவட்டமாக நிற்பர். வரிசையாக நின்றால் பின்னுள்ளவருக்கு ஆசிரியரின் கை தெரியாது. வெயில் நேரத்தில் ஆசிரியர் சூரியனை நோக்கி நிற்பார். அவர் கண் கூசினாலும் குற்றமில்லை. மாணவர் கண் கூசலாகாது. கதிரவன் அவர் முதுகுப்புறம் இருப்பின் அவருடைய முகமும் விரல்களும் நிழலுருவாகிவிடும். முகம் தெரியாவிடில் இலக்கணமும் தெரியாது. வினாவா, மறுப்பா, நிபந்தனையா என்பதைப் புருவமும் தலையசைவும் அல்லவா உணர்த்துகின்றன!

விளக்கமும் செய்முறையும் ஒருசேர நிகழ்வதில்லை. பேசும் ஆசிரியர் பந்தை எறிந்துகொண்டே, 'முழங்கையை உயர்த்துங்கள்' என்று சொல்லிவிட முடியும். கேட்பவரின் கண் எறிதலிலும் காது சொல்லிலும் இருக்கும். இங்கோ இரண்டிற்கும் கண் ஒன்றே வாயில். ஆகவே ஆசிரியர் பந்தைக் கீழே வைத்து விளக்குவார். பின் எடுத்து எறிந்து காட்டுவார். மீண்டும் கீழே வைத்து, கண்டது என்ன என வினவுவார். ஓடத் தொடங்கிய மாணவரைக் கூவித் திருத்த வழியில்லை. திருத்தம் ஓட்டத்திற்கு முன்னர் நிகழ வேண்டும், இல்லையேல் பின்னர். இதனால் பாடம் மெதுவாக நகரும் என்பது உண்மை. ஆனால், மாணவர் எதைச் செய்யப் போகிறோம் என்பதை முழுதும் உணர்ந்த பின்னரே ஓடத் தொடங்குவர். செவிப்புலன் உடையோர் பள்ளிகளின் திடல்களில் இத்தெளிவு எப்போதும் வாய்ப்பதில்லை.

சைகை மொழி பேச்சுமொழியை விஞ்சும் இடமும் உடற்கல்வி வகுப்பில் உண்டு. 'இடப்புறத் தடுப்பாளர் முன்னேறியதும் அவருக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடத்தில் நீ குறுக்காக ஓடு' எனப் பேச்சில் சொல்ல வேண்டியதை, சைகை மொழியாளர் இரு விரல்களை இரு வீரர்களாக நிறுத்தி, தம் முன்னுள்ள வெளியையே ஆடுகளமாக்கி, ஓர் அசைவில் காட்டிவிடுவார். பேச்சு, காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் மொழி. சைகை, இடத்தில் விரியும் மொழி. ஆட்டமோ இடத்தில் நிகழ்வது.

இரண்டாம் மொழிக்கும் திடலில் வேலை உண்டு. ஆட்டம் முடிந்தபின் மாணவர் அதை எழுத்தில் வடிப்பர். விதிநூலைப் படிப்பர், புள்ளிப் பட்டியலை நிரப்புவர், பள்ளி இதழுக்குச் செய்தி எழுதுவர். அப்போதுதான் இரு மொழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்ணில் படும். தமிழில் வீரர் ஓடுகிறார், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. சொல் ஒன்று, பொருள் பல. ஆங்கிலத்தின் 'ரன்' என்னும் சொல்லும் அத்தகையதே. அமெரிக்கச் சைகை மொழியில் பந்தயத்தில் ஓடுவதற்கு ஒரு சைகை. நிறுவனத்தை நடத்துவதற்கு வேறொன்று. மூக்கு ஒழுகுவதற்கு மற்றொன்று. கால்களால் ஓடி அறிந்த சொல்லிலிருந்து தொடங்கி அதன் பிற பொருள்களுக்கு ஆசிரியர் மாணவரை அழைத்துச் செல்கிறார். உடற்கல்வி வகுப்பு இவ்வாறு மொழி வகுப்பாகவும் ஆகிறது.

கைப்பந்து ஆட்டத்தில் இருவருக்கு இடையே பந்து வந்தால், 'என்னுடையது' என ஒருவர் கூவுவது வழக்கம். கூவல் இல்லாத அணி, யாருக்கு எப்பகுதி என்பதை முன்னரே வகுத்துக்கொள்கிறது. ஆட்டத்தின் நடுவே ஓயாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. இளமையிலிருந்தே காது கேளாது சைகை மொழியில் வளர்ந்தோர், பார்வையின் ஓரத்தில் நிகழும் அசைவுகளைக் கூர்ந்து உணர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆடுகளத்தில் அது சிறிய உதவியன்று.

இவை எல்லாவற்றினும் மேலாக ஒன்று உண்டு. காது கேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பதிற்கும் மேற்பட்டோர் செவிப்புலன் உடைய பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அவர்களுள் பலர், தம்மைப் போன்ற பெரியவர் ஒருவரைக் காணாமலேயே பள்ளிக்கு வருகின்றனர். வளர்ந்தபின் தமக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று நம்பிய சிறுவர்களைப் பற்றிய செய்திகள் இச்சமூகத்தாரிடையே வழங்குகின்றன. அத்தகைய குழந்தையின் முன், காது கேளாத உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் ஓடுகிறார், நகைக்கிறார், வண்டி ஓட்டி வீடு செல்கிறார். தான் என்னவாக வளரக்கூடும் என்பதை அக்குழந்தை அன்றே முதன்முதலாகக் காண்கிறது.

தெரிந்து தெளிவோம்

காது கேளாதோருக்கான முதல் பன்னாட்டு விளையாட்டுப் போட்டி 1924 ஆகஸ்ட் 10 முதல் 17 வரை பாரிஸ் நகரில் நடைபெற்றது. 9 நாடுகளிலிருந்து 148 பேர் பங்கேற்றனர். இதற்கு அடிகோலியவர் பிரான்சு நாட்டின் யூஜின் ரூபன்ஸ்-அல்கே. அவரும் காது கேளாதவரே. 2001 முதல் இப்போட்டி 'டெஃப்லிம்பிக்ஸ்' என வழங்குகிறது. சிறப்பாகக் கேட்கும் செவியிலும் குறைந்தது 55 டெசிபல் கேட்புத்திறன் இழப்பு உள்ளோரே இதில் கலந்துகொள்ளலாம். போட்டியின்போது கேட்புக்கருவி அணிதல் கூடாது. ஓட்டப்பந்தயம் துப்பாக்கி ஒலிக்கு மாறாக ஒளிவிளக்கால் தொடங்கும். கால்பந்தில் நடுவர் கொடியை உயர்த்துவார்.

செவியும் சமநிலையும்

உட்செவியில் கேட்டலுக்கான உறுப்போடு அரைவட்டக் குழல்களும் உள்ளன. உடலின் சமநிலையைக் காப்பதில் அவற்றிற்குப் பெரும்பங்கு உண்டு. மூளை உறை அழற்சி போன்ற நோயால் செவிப்புலனை இழந்தோருள் சிலருக்கு இக்குழல்களும் பழுதுறுவதுண்டு. அவர்கள் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவும் ஒடுங்கிய கட்டையின் மேல் நடக்கவும் இடர்ப்படுவர். இருளிலோ நீருக்கடியிலோ மேல் கீழ் தெரியாது திகைக்கவும் கூடும். எனவே உயரம் ஏறுதல், நீரில் மூழ்குதல் ஆகியவற்றில் ஆசிரியர் தனிக்கவனம் கொள்கிறார். அறுவை மருத்துவத்தால் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட மாணவரைத் தலையில் அடிபடும் ஆட்டங்களிலிருந்து காக்க வேண்டும். காது கேளாதோர் அனைவருக்கும் சமநிலை குன்றும் எனக் கருதுவது தவறு. எவருக்குக் குன்றும் என அறியாதிருப்பதும் தவறே.

ஊதல் ஒலிக்கும் உலகில்

தம்மவரோடு மட்டும் ஆடிப் பழகினால் இருபண்பாடு என்பது சொல்லளவில் நின்றுவிடும். ஆகையால் இப்பள்ளிகளின் அணிகள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளோடு மோதுகின்றன. அங்கே நடுவர் ஊதுவார். கேளாதவர் ஊதலுக்குப் பின்னும் ஓடிச் சென்று எதிராளியை மோதினால் அது விதிமீறல், வன்மமாகவும் எண்ணப்படலாம். எனவே, சுற்றியுள்ளோர் நின்றுவிட்டனரா என ஓரக்கண்ணால் கவனிக்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஊட்டுகின்றனர். நடுவரிடம் ஐயம் கேட்பது, மொழிபெயர்ப்பாளர் வழியே முறையிடுவது, ஆட்டம் முடிந்து எதிரணியினரோடு கைகுலுக்கும்போது எழுதிக் காட்டியோ முகக்குறிப்பாலோ வாழ்த்துவது ஆகியனவும் பாடமே. மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசும்போதும் நடுவரின் முகத்தை நோக்க வேண்டும் என்பது போன்ற நுட்பங்களைப் புத்தகத்தால் மட்டும் கற்பித்துவிட முடியாது.

இவ்வாறு வெளியுலகோடு ஆடிய பள்ளிகளுள், கலிபோர்னியா மாநிலம் ரிவர்சைடு நகரில் 1953இல் தொடங்கப்பெற்ற காது கேளாதோர் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியும் ஒன்று. அணிக்கு எண்மர் ஆடும் பிரிவைச் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் அவ்வணி தோல்வியின்றி முன்னேறிப் பள்ளி வரலாற்றில் முதன்முறையாகத் தன் மண்டல இறுதிப்போட்டியை அடைந்தது. எதிரணிகள் கூடிப் பேசவும், ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் சொல்லைக் கேட்கவும் நேரம் செலவிட்டன. இவர்களோ நின்ற இடத்திலிருந்தே, திடலின் முழு அகலத்தையும் கடந்து, சில நொடிகளில் அடுத்த நகர்வைப் பேசி முடித்தனர். எதிரே நிற்பவர்களுக்குச் சைகை மொழி தெரியாதாகையால் ஒளிக்க ஏதுமில்லை. ஹடிலைத் தோற்றுவித்தவர்களின் வழிவந்தோருக்கு அது வேண்டாததாயிற்று.

அவ்வாண்டின் இறுதிப்போட்டியில் அவர்கள் தோற்றனர். அடுத்த ஆண்டு, தம்மை வென்ற அதே அணியை 80-26 என்னும் புள்ளிக் கணக்கில் வீழ்த்தி மண்டல வாகையராயினர். காது கேளாமையையும் மீறி வென்றனர் எனச் செய்தித்தாள்கள் எழுதக்கூடும். அது பாதி உண்மை. அவர்தம் வேகத்திற்கு அவர்களது மொழியும் ஒரு காரணம்.

தனித்திருக்கும் மாணவர்

வெற்றிக் கதையோடு முடித்துக்கொள்ள இயலாத பகுதி இது. இன்று அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் காது கேளாத மாணவருள் பெரும்பாலோர் பொதுப்பள்ளிகளில் பயில்கின்றனர். சிறப்புப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்து வருகிறது. வீட்டருகே படிக்கலாம், பெற்றோரோடு வாழலாம், அனைவரோடும் பழகலாம் என்பன பொதுப்பள்ளியின் நலங்கள். ஆறு வயதுக் குழந்தையைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பும் தாயின் துயரத்தை எக்கோட்பாட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆனால், பொதுப்பள்ளியின் வகுப்பறையில் மொழிபெயர்ப்பாளரோ கேட்புக்கருவியோ ஓரளவு துணைநிற்க, விளையாட்டு வேளையில் அத்துணையும் நீங்குகிறது. வியர்வையும் அடியும் படும் என்பதால் கருவி கழற்றப்படும். காற்றிலும் கூச்சலிலும் அது பயன்படுவதும் அரிது. அணி பிரிக்கும்போது அம்மாணவர் இறுதியில் அழைக்கப்படுவார். விதி மாறியது அவருக்குத் தெரியாது, அறியாமல் பிழை செய்வார், பிறர் நகைப்பர். சில நாட்களில் புள்ளி குறிக்கும் வேலையை அவருக்கு அளிப்பர். அன்பினால்தான் அளிக்கின்றனர். எனினும், அவர் கால்களில் குறை ஏதும் இல்லை என்பதை அந்த அன்பு காணத் தவறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பணிபுரியத் தொடங்கியது. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலின் காசியாஸ் டோ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் போட்டியில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அவ்வாண்டிற்கான அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் புதுதில்லியில் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. அகராதி வந்துவிட்டது, உடற்கல்வி ஆசிரியரின் கைகளுக்கு அது இன்னும் வர வேண்டியிருக்கிறது.

திடலில் மாற்றத்தைத் தொடங்கப் பெரும்பொருள் தேவையில்லை. நம் கபடியையே எடுத்துக்கொள்ளலாம். ஏறிச் செல்பவர் 'கபடி, கபடி' என விடாமல் பாடிச் செல்ல வேண்டும். பாட்டு நின்றால் அவர் வெளியேற வேண்டும். இவ்விதி முழுக்க முழுக்க ஒலியைச் சார்ந்தது. காது கேளாத மாணவர் ஏறிச் செல்லும்போது நடுவர் எதைக் கேட்பார்? விதியின் நோக்கம் ஒலியன்று. ஏறிச் செல்பவர் ஒரே மூச்சில் சென்று திரும்ப வேண்டும் என்பதே. இன்றைய போட்டிக் கபடியில் ஒவ்வோர் ஏற்றத்திற்கும் 30 நொடி வரம்பும் உள்ளது. மூச்சுக்கு மாறாக அவ்வரம்பை மட்டும் கொள்ளலாம்; ஒரு கையின் விரல்களை விடாது மடக்கி விரித்துச் செல்லுமாறு விதிக்கலாம்; நேரம் முடிவதைக் கொடியாலோ விளக்காலோ அறிவிக்கலாம். இவற்றுள் எது ஆட்டத்தின் சுவையைக் குறைக்காது என்பதை, வெளியே நின்று விதி எழுதுவோரைவிட, அக்கோட்டைத் தாண்டிச் செல்லப்போகும் காது கேளாத மாணவரிடம் முதலில் கேட்க வேண்டும். அதற்கு, அவரிடம் கேட்கும் அளவிற்கேனும் அவர் மொழி அத்திடலில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.